ஹார்வர்டைப் பற்றி மைக்கில் சொல்லாதது

ஒரு விமானத்தின் வாழ்க்கையை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள், எதை விடுவீர்கள்? போட்ஸ்வானாவில் ஒரு ஏர் ஷோவுக்கு எங்கள் குழு போய்வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. எங்களிடம் இருப்பவை மூன்று ஹார்வர்டுகள், அதாவது விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பழைய ப்ரொப்பெல்லர் விமானங்கள். மூன்றும் ஒருகாலத்தில் தென்னாப்பிரிக்க விமானப்படையில் இருந்தவை. அவை கூட்டத்தின் முன்னால் வந்து சேர்வதற்குள் அறிவிப்பாளர் படித்து முடிக்க ஒரு சின்னக் குறிப்பு வேண்டும், எழுதிக் கொடு என்றார் குழுத் தலைவர். நான் தமிழில் ஏதோ எழுதுகிறேன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அதனால் இங்கிலீஷில் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

என் பிழைப்பு விமானப் பராமரிப்பு. வார நாட்களில் ஜோஹன்னஸ்பர்க்கில் ஜெட் விமானங்கள், சனி ஞாயிறுகளில் ஜெர்மிஸ்டனில் இருக்கும் ராண்ட் விமான நிலையத்தில் இந்தக் கிழட்டு ஹார்வர்டுகள். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு மதியச் சாப்பாடு மட்டும். வீட்டில் இதைப் பற்றி நிலவும் கருத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன். ராண்டில் என்னோடு வேலை செய்பவர் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர். குடும்பம் பிறகு வடக்கே நகர்ந்து வெரீனிகிங்கில் தங்கிவிட்டது. மற்றவர்கள் அவரை அங்கிள் என்பார்கள், நான் மாமா என்பேன். அவர் பேசுவது முழுக்க இங்கிலீஷ்தான். தம்பி, ஐயோ, போதும், சாப்பிட்டியா என்று நாலு வார்த்தை மட்டும் தமிழில் வரும். கீழே அவர் பேசுவதாக வருவதெல்லாம் என் தமிழ்.

மாமாவின் கதையையே தனியாக எழுதலாம். லாரி ஷெட்டில் தொழில் கற்றுக்கொண்டு, மருந்து தெளிக்கும் விமானங்களுக்கு மெக்கானிக்காகப் போனவர். நிறவெறி ஆட்சிக் காலம். வேலையை இவர் செய்வார், அதற்கான கையெழுத்தை வேறொருவர் போடுவார். லைசென்ஸ் கைக்கு வந்தபோது மாமாவுக்குத் தலை நரைத்திருந்தது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் எதுவும் தெரியாது, கோபம் எனக்குத்தான் வரும்.

எல்லை தாண்டி

விமானிகளுக்கு எல்லாம் சுலபம். லான்செரியாவில் இறங்கிப் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினால், இரண்டு மணி நேரத்துக்குள் போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோன். அங்கே சுங்கம் முடித்து, வடக்கே மட்சியெங் என்ற சிறிய ஓடுபாதைக்கு ஒரு தத்தல். தரை ஆட்களான நாங்கள் பாக்கி வண்டியில், இங்கே பிக்கப்புக்கு அதுதான் பேர், எண்ணெய் டின்களையும் ஸ்பார்க் ப்ளக் பெட்டியையும் ஜாக்கியையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பினோம். ரஸ்டன்பர்க், ஸ்வார்ட்ரகன்ஸ், ஸீரஸ்ட் என்று ஊர்கள் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வந்தன. கோப்ஃபன்டைன் எல்லையில் கிருமிநாசினி நனைத்த மிதியடியில் செருப்பை அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள். கால்நடைக்குக் கோமாரி வந்துவிடக் கூடாது என்பதில் போட்ஸ்வானாக்காரர்கள் மகா கண்டிப்பு. அவர்கள் நாட்டின் மாட்டிறைச்சி ஏற்றுமதி அதை நம்பி நிற்கிறது. பச்சை இறைச்சி இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று கேட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். மாமி கட்டிக் கொடுத்த ரொட்டியும் ஷுகர் பீன்ஸ் கறியும் தப்பித்தன. இருபத்தேழு ஸ்பார்க் ப்ளக் எதற்கு என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்ல நேரம் பிடித்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று விமானங்களும் புல்லோரத்தில் நின்று எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தன. ஹார்வர்டுக்குக் கீழே எண்ணெய் இல்லையென்றால் உள்ளேயும் இல்லை என்று பொருள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் பழைய ஜோக். பாதி உண்மையும்கூட. அதன் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். ராத்திரி நிறுத்திவைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். காலையில் அப்படியே ஸ்டார்ட் செய்தால், நசுங்காத எண்ணெயோடு பிஸ்டன் முட்டிக்கொள்ளும், கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆகவே சுவிட்ச் எல்லாம் அணைத்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் இழுத்து ஒவ்வோர் அலகாகச் சுற்ற வேண்டும். எங்காவது கை தடுத்தால் அங்கேயே நிறுத்திக் கீழ் ப்ளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது. மாமா இதைச் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார். உள்ளங்கைதான் பார்க்கிறது என்பார். நான் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் கம்ப்யூட்டரும் வைத்துத் தொழில் கற்றவன். அந்த உள்ளங்கை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

அப்புறம் சத்தம். 2024 அக்டோபரில் மெரினாவில் ஹார்வர்ட் பறந்ததை அருகிலிருந்து கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஓட்டைத் தகரக் கூரையை யாரோ வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். அது எஞ்சினின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ப்ரொப்பெல்லரின் சத்தம். இந்த எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம் கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,250 சுற்று சுற்றினால் ஒன்பதடி ப்ரொப்பெல்லரும் அதே 2,250 சுற்றும். அதன் நுனி விநாடிக்கு 320 மீட்டருக்கு மேல் ஓடும். ஒலியின் வேகமே 340 சொச்சம்தான். நுனி ஒலியின் வேகத்தை உரசும்போது காற்று கிழிபடும் சத்தம் அது. முழு பவர் வைத்து ஓடுபாதையை விட்டு எழும்போது நெஞ்செலும்பு அதிரும். இதைக் கேட்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். நானும் இதற்காகத்தான் சம்பளமில்லாமல் எண்ணெயில் குளிக்கிறேன்.

வேலியோரத்துக் கேள்வி

சனிக்கிழமை காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக நடந்தது என்பதைத் தவிர. ராண்ட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,671 மீட்டர் உயரம். மெலிந்த காற்றில் 600 குதிரைத்திறன் எஞ்சின் எப்போதும் சற்று மூச்சு வாங்கும். மட்சியெங் சுமார் ஆயிரம் மீட்டர்தான் என்பதால் விமானிகள் குஷியாக இருந்தார்கள். மூன்றும் ஒன்றாக லூப் போட்டன, அதாவது மேலேறித் தலைகீழாகி வட்டமடித்துக் கீழே வந்தன, ஒன்றன் பின் ஒன்றாகத் துரத்தின, வெள்ளைப் புகையை வானத்தில் கோலம் போட்டு விட்டன. என் குறிப்பை அறிவிப்பாளர் அழகாகப் படித்தார். 1942-லிருந்து 1995 வரை தென்னாப்பிரிக்காவில் சேவை, இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் 33,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினர் தென்னாப்பிரிக்க மண்ணில் பயிற்சி பெற்ற காலத்தின் உழைப்பாளி, தலைமுறை தலைமுறையாக விமானிகளை உருவாக்கிய ஆசான். கைதட்டல்.

காட்சி முடிந்ததும் வேலியோரம் கூட்டத்தை விடுவார்கள். பிள்ளைகள் இறக்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம், விமானத்தின் பக்கவாட்டில் வரைந்திருந்த குறியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து முனைக் கோட்டைக்குள் துள்ளும் மான். பழைய தென்னாப்பிரிக்க விமானப்படையின் குறி அது. விமானங்களைச் சேவையில் இருந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே வைத்திருப்பதில் எங்கள் குழுவுக்குப் பெருமை. அந்த அம்மாள் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "எண்பத்தைந்தில் இவையும் வந்தனவா?"

1985 ஜூன் 14. தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து காபரோனில் வீடுகளைத் தாக்கி 12 பேரைக் கொன்ற இரவு. நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்களைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். இல்லை அம்மா, அதில் ஹார்வர்டுகள் இல்லை என்றேன். சொன்னது உண்மைதான். அவர் தலையாட்டிவிட்டுப் பேரனை இறக்கையருகே நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். பையன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மானைப் பார்க்கும்போதெல்லாம், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் எத்தனை பேர் அதை வேறெங்கோ பார்த்திருப்பார்கள் என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது.

கூரைமேல் ஏறிய பையன்கள்

அன்று ராத்திரி விருந்தினர் விடுதி வாசலில் மற்றவர்கள் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க, நானும் மாமாவும் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் கடைசி, பகலில் வெயில் இருந்தாலும் இருட்டியதும் நல்ல குளிர். ஆசிரியையின் கேள்வியைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கறியைத் தொட்டுச் சாப்பிட்டார். பிறகு, "எண்பத்தைந்தில் வரவில்லை. அறுபதில் எங்கள் ஊருக்கு வந்தன" என்றார்.

அவருடைய ஊர் வெரீனிகிங். அதை ஒட்டியது ஷார்ப்வில். 1960 மார்ச் 21-ல், நடமாட்ட பாஸ் சட்டத்தை எதிர்த்துப் போலீஸ் நிலையத்தின் முன் கூடிய கறுப்பினத்தவர்மேல் போலீஸ் சுட்டு 69 பேர் செத்த இடம். பலருக்கு முதுகில் குண்டு. இன்று அந்த நாள் இங்கே மனித உரிமை நாள், அரசு விடுமுறை. அது எனக்குத் தெரியும். துப்பாக்கிச் சூட்டுக்கு முன்னால், கூட்டத்தைக் கலைக்க விமானப்படையை அனுப்பினார்கள் என்பதும், சேபர் ஜெட்டுகளோடு ஹார்வர்டுகளும் தலைக்குமேல் தாழப் பறந்தன என்பதும் எங்கோ படித்திருக்கிறேன். படித்ததை ராண்டில் நான் வாராவாரம் துடைக்கும் விமானத்தோடு சேர்த்து யோசித்ததில்லை.

மாமாவுக்கு அப்போது ஒன்பது வயது. அன்று காலையிலிருந்தே ஊரில் பஸ் ஓடவில்லை, பெரியவர்கள் எதையோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய அப்பா ஒரு ஹோட்டலில் சர்வர், காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். விமானச் சத்தம் கேட்டது. "நாங்கள் நாலைந்து பையன்கள் கொட்டகைக் கூரைமேல் ஏறினோம். அவ்வளவு தாழ்வாக ஒரு விமானத்தை நான் பார்த்ததே இல்லை. ஜெட் வந்த வேகத்தில் கண்ணுக்கே பிடிபடவில்லை. ஹார்வர்டுதான் நின்று நிதானமாகத் திரும்பியது. உள்ளே இருந்தவனின் தலை தெரிந்தது, தம்பி. நாங்கள் கத்திக்கொண்டே இரண்டு கையையும் ஆட்டினோம்."

சாயங்காலம் அப்பா வந்து கதவைச் சாத்தினார். அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைத்தான் மாமா ஒட்டுக்கேட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரும் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை. "ஆனால் எனக்கு எஞ்சின் ஆசை வந்தது அந்தக் காலையில்தான். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு ஒருவர் அந்த விமானத்தை வெறுத்தால் அது எனக்குப் புரியும். தெரியாமல் ஒருவர் நேசித்தால் அதுவும் புரியும். இவர் தெரிந்த அன்று ராத்திரியிலிருந்தே இரண்டையும் வைத்துக்கொண்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். எங்கள் மூன்றில் ஏதாவது ஒன்று அன்று ஷார்ப்வில்லுக்கு மேல் பறந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார். விமானப்படை கழித்துவிட்டு ஏலத்தில் விற்றபோது பழைய பதிவேடுகளில் சில விமானங்களோடு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

ராத்திரியே குறிப்பை மாற்றி எழுதினேன். போர்க்காலப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு வரி சேர்த்தேன்: 1960-ல் ஷார்ப்வில் கூட்டத்தின்மேல் பறக்கவிடப்பட்டதும் இதே ரக விமானம், அங்கே அன்று 69 பேர் கொல்லப்பட்டார்கள். காலையில் அதைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் டன்னாட்டரில் இதே ஹார்வர்டில் பறக்கக் கற்றுக்கொண்ட ஆஃப்ரிகானர், அதாவது டச்சு வழி வெள்ளையர், முன்னாள் விமானப்படைப் பயிற்றுநர். டன்னாட்டரின் பறக்கும் பள்ளி வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்து மனிதர். கெட்ட மனிதர் அல்ல. இரண்டு முறை படித்துவிட்டு, "அறுபத்தொன்பது பேர் செத்ததைச் சொல்லிவிட்டு அடுத்த விநாடி என்னை லூப் போடச் சொல்கிறாயா?" என்று கேட்டார். அந்த இரண்டு வரியையும் பேனாவால் அடித்தார். ஞாயிற்றுக்கிழமையும் பழைய குறிப்புதான் படிக்கப்பட்டது. மாமாவும் அவர் பக்கம்தான். சாகசம் பார்க்க வந்த பிள்ளைகளிடம் போய் மைக்கில் இதைச் சொல்லாதே என்றார்.

தலைவரின் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இன்று யோசித்தால், அந்தக் கேள்வியிலேயே ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. உலகப் போரைச் சொல்லிவிட்டு லூப் போட யாருக்கும் கூச்சம் வருவதில்லை. அதில் செத்தவர்கள் கோடிக்கணக்கில். போர் ஜெயித்த கதையாக இருந்தால் மரணம் காட்சியோடு சேர்ந்துவிடுகிறது, இல்லாவிட்டால் மனநிலையைக் கெடுக்கிறது. தவிர, ஹார்வர்ட் வெறும் பள்ளி வாத்தியாராக மட்டும் இருந்ததில்லை. கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சிக்காரர்கள்மேல் பிரிட்டிஷார் இதிலிருந்து குண்டு போட்டார்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் இதே குடும்பத்து விமானங்களில் ராக்கெட்டும் இயந்திரத் துப்பாக்கியும் மாட்டினார்கள். பிறகு அவற்றில் பலவற்றைப் போர்ச்சுகல் வாங்கிக்கொண்டுபோய் அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் பறக்கவிட்டது. மலிவு, பழுதுபார்ப்பது எளிது, மெதுவாகப் பறக்கும், எதிரியிடம் விமானம் கிடையாது. காலனி ஆட்சிக்கு வேறென்ன வேண்டும்.

யாழ்ப்பாணத்து அக்கா

ஊர் திரும்பியபின் இதையெல்லாம் மிட்ராண்டில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பரும் அவர் மனைவியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் எத்தனை தரம் ஏர் ஷோவுக்கு அழைத்தும் வராதவர்கள். ஏதோ சாக்குச் சொல்வார்கள், நானும் விட்டுவிடுவேன். அன்று ஹார்வர்ட் அடிப்படையில் ஒரு பயிற்சி விமானம் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சியாமாசெட்டியும் ட்ரெயினிங் ப்ளேன்தான் தம்பி. அப்பிடி எண்டு சொல்லித்தான் அதையும் வாங்கினவங்கள்."

எண்பதுகளின் நடுவில் இலங்கை விமானப்படை வாங்கிய இத்தாலிய சியாய் மார்செட்டி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கக் கற்றுக்கொள்ளும் சின்ன விமானம். விமானத் தொழிலில் இருக்கும் எனக்கு அது ஓர் அழகான இத்தாலிய வடிவமைப்பு. அக்காவுக்கு அது பதுங்குகுழிக்கு ஓடும் நேரம். "வந்த உடன பயமில்லை. ஒரு இடத்தில சுத்தத் தொடங்கினா விளங்கும். பிறகு சத்தம் மாறும், குத்தப் போறான் எண்டு அர்த்தம். நீங்கள் அந்தச் சத்தத்தைக் காசு குடுத்துக் கேக்கிறியள்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் மிக்சர் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

டைவ் அடிக்கும்போது ப்ரொப்பெல்லர் சத்தம் சுருதி ஏறுவதன் இயற்பியலை நான் முழுதாக விளக்குவேன். அக்கா அதை எட்டு வயதில் காதால் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இதற்காக விமானத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்று சொல்பவன் அல்ல நான். கோட்டை-மான் குறியை அழித்துவிடலாம் என்று குழுவில் ஒரு இளைஞன் சொன்னான். அதற்கும் நான் எதிர்தான். அழித்தால் அந்த ஆசிரியை என்னிடம் கேள்வியே கேட்டிருக்க மாட்டார், கூட்டத்துக்கு அது மஞ்சள் நிறத்தில் ஓர் அழகான பழைய விமானம், அவ்வளவுதான். குறி இருக்கட்டும், கூடவே கணக்கும் இருக்கட்டும். பிள்ளைகள் பாவம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஷார்ப்வில்லில் கூட்டத்திலேயே பிள்ளைகள் இருந்தார்கள், மாமாவும் ஒரு பிள்ளைதான்.

பல வாரங்கள் இழுபறிக்குப் பின் தலைவர் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார். நிறுத்திவைத்த விமானத்தின் பக்கத்தில் ஒரு தகவல் பலகை வைக்கலாம், அதில் ஷார்ப்வில்லும் கென்யாவும் அல்ஜீரியாவும் இடம்பெறலாம். மைக்கில் மட்டும் கூடாது. பலகையைப் படிக்கிறவர்கள் நூற்றில் நாலு பேர் இருப்பார்களா தெரியவில்லை, மைக் எல்லோர் காதிலும் விழும். ஆகவே அடுத்த சீசனுக்கான குறிப்பிலும் அந்த இரண்டு வரியை எழுதித்தான் கொடுக்கப்போகிறேன். அவர் அடித்தால் அடிக்கட்டும், பேனா அவர் கையில்.

கூரைமேல் நின்று கையாட்டியதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். பலகையில் கூடவே கூடாது என்றார். சரி, தமிழில் எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது: "தமிழிலா? தாராளமாக எழுது. என் வீட்டில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது."